ராஜபிளவையும் ரெண்டாம் ரக வெல்லமும்

நைனா ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று பாரூரிலிருந்து வந்த சாமான்களுக்கு நான் எழுதிய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாய் ஒன்று, தலையணை இரண்டு, சொம்பு, கம்பளி, பழைய நூல் சேலை நான்கு (கட்டுத் துணிக்கு) என்று போய், பதினோராவது வரி இப்படி இருக்கும்: "வெல்லம், ஒரு கூடை, இருபத்துநான்கு உருண்டை. டாக்டருக்கு. குணமான பிறகு கொடுக்க." கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்ததும் நான்தான். அதனால் பிறகு நடந்ததற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நைனா என்றது என் அப்பாவை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். பாரூர் ஏரிப் பாசனத்தில் கரும்பு போட்டு, சொந்த ஆலையில் ஆட்டி, சொந்தக் கொப்பரையில் வெல்லம் காய்ச்சுகிறவர். நான் பெங்களூரில் நர்ஸ் படிப்பு முடித்து, கிருஷ்ணகிரியில் ஒரு கன்னட டாக்டர் நடத்திய பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் ஒருத்தி நர்ஸாக இருந்தால் வீட்டுக்காரர்கள் நோயை முதலில் அவளிடம் சொல்வார்கள் என்று நினைப்பீர்கள். கழுத்துக்குக் கீழே முதுகில் கட்டி எழும்பியதிலிருந்து நைனா செய்த வைத்தியங்களை அம்மா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். ஒன்று, மஞ்சளும் சுண்ணாம்பும். இரண்டு, ஊமத்தை இலை. மூன்று, சுடுசாம்பல் ஒத்தடம். நான்கு, பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தது.

தை மாதம், ஆலை ஓடும் நேரம். கொப்பரைப் பக்கம் திரும்ப முழு உடம்பையும் திருப்ப வேண்டியதாகி, ஒரு நாள் திரும்பிய வேகத்தில் தள்ளாடி அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் பஸ் ஏறினார்கள்.

டாக்டர் துண்டை விலக்கிப் பார்த்தார். பெரிய ஆழாக்கைக் கவிழ்த்தது போல வீங்கி, நடுவில் ஆறேழு வாய் திறந்து, சல்லடை மாதிரி இருந்தது.

"ராஜபிளவை," என்றார்.

குப்புறப் படுத்திருந்த நைனா தலையைத் தூக்கினார். "ராஜாவா?"

"ஹௌது, ஆமா. பெரிய கட்டி. சின்னச் சின்னக் கட்டிகள் உள்ளாற ஒண்ணாச் சேர்ந்தது."

"கேட்டியா?" என்றார் நைனா அம்மாவிடம். "மேட்டு வயல்காரனுக்கு வந்தது வெறும் கட்டி. ஊருக்குப் போனா சொல்லு."

நான் படித்த காலத்தில் இரண்டு ராஜபிளவைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வீட்டுக்குப் போனார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சிறுநீரைச் சோதித்ததில் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை எளிதாகச் சொல்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால் தோல் கிருமியோடு சண்டை போடும் வலுவை இழக்கிறது. ஆறக்கூடிய சின்னக் கட்டி ஆறாமல் அடியில் பரவுகிறது. சீழை வெளியேற்ற ஈதர் கொடுத்து மயக்கிக் கீற வேண்டும். சர்க்கரை ஏறிக் கிடக்கிறபோது ஈதர் கொடுப்பது ஆபத்து. கீறாமல் விட்டாலோ விஷம் ரத்தத்தில் கலக்கும்.

வியாழக்கிழமை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சிஸ்டர், பென்சிலினும் இன்சுலினும் ஆரம்பிச்சிடலாம். திங்கக்கெழம காலைல கத்தி வெக்கணும். அதுக்குள்ள டியூப் நீலம் ஆகணும். இல்ல, பச்சையாவது ஆகணும். ஆகலேன்னா..." மீதியைச் சொல்லாமல் கைகழுவப் போய்விட்டார்.

டியூப் என்றால் இதுதான். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஒரு தேக்கரண்டி ஊற்றி, நோயாளியின் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், பொன்னிறம் என்றால் நிறைய. செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். ஒரு நாளைக்கு நான்கு முறை செய்து அட்டவணையில் எழுதுவேன். எழுதக் கற்றுக்கொடுத்தார்களே ஒழிய, எந்த நிறம் நல்லது என்று நோயாளிக்குச் சொல்லவேண்டும் என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. "இது உங்க உடம்பு நெலவரத்தைச் சொல்லும் நைனா," என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மல்லாந்து படுக்க முடியாததால் நைனா நாள் முழுதும் குப்புறப் படுத்து, முகத்தை ஒருபக்கம் சாய்த்திருந்தார். அந்த முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் என் விளக்கு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் அடுத்த கட்டில். அதில் இருந்தவர் சூளகிரி வெல்ல மண்டி வெங்கட்டப்பா. அவரும் சர்க்கரை வியாதிக்காரர்தான். தொடையில் வரிசையாகக் கொப்புளங்கள். பன்னிரண்டு வருஷமாக நைனாவின் வெல்லத்தை வாங்கி, பன்னிரண்டு வருஷமும் மூட்டையின் மேல் ரெண்டாம் ரகம் என்று எழுதியவர். நைனா எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லமாட்டார். "அந்த ஆளு" என்பார்.

முதல் நாள் இருவர் குழாயும் செங்கல் நிறமாக வந்தன.

"ஏமய்யா கவுண்டரே," என்றார் வெங்கட்டப்பா, குழாயை வெளிச்சத்தில் பார்த்து. "கருக விட்டுட்டீரே கொப்பரைய."

"உம்முது என்ன, தங்கமா சாவுகாரே?"

"நான் விக்கிறவன். காய்ச்சறவன் இல்ல. எனக்கென்னா வெக்கம்?"

நோயாளிகள் கலகலப்பாக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு சிரிஞ்சைக் கொதிக்கப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆரஞ்சு. மதியம் மஞ்சள். சாயங்காலம், சொன்னால் நம்பமாட்டீர்கள், பச்சை. இன்சுலின் கேட்கிறது! குழாயைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். நர்ஸ் ஓடக்கூடாது என்பது முதல் வருஷப் பாடம். திரும்பி வந்தபோது வெங்கட்டப்பா நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பச்ச சாறு. அடுப்புலயே ஏறல இன்னும்."

நைனா கண்ணை மூடிக்கொண்டார். வலி என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து பொன்னிறம். டாக்டர் இன்சுலினைக் கூட்டினார். மதியம் பொன்னிறம். இன்னும் கூட்டினார். சாயங்காலமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் அதே பொன்னிறம், ஒரே கொப்பரையில் காய்ச்சியது போல. பிளவையைச் சுற்றியிருந்த சிவப்பு ஒரு விரற்கடை காதுப்பக்கம் ஏறியிருந்தது. மசிப் பென்சிலால் எல்லை வரைந்து வைத்திருந்ததால் அதை மறுக்க எனக்கு வழியில்லை.

"இன்னிக்கு நெறம் எப்படி இருக்கு?" என்று நைனா கேட்பார்.

"பொன்னிறம் நைனா."

அவர் புன்னகை செய்வார். தன் உயிர் போகிற நேரத்திலும் மகளுக்கு ஆறுதல் சொல்லச் சிரிக்கிறாரே என்று நினைத்தேன். சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் போய், சிரிஞ்ச் கொதிக்கிற பத்து நிமிஷம் அழுதேன். பிறகு ஒரு தாளை எடுத்துச் சந்தேகங்களை வரிசைப்படுத்தினேன்.

நீல மருந்து கெட்டுவிட்டதா? என் சிறுநீரைச் சோதித்தேன். நீலம். மருந்து சரி. இன்சுலின் கெட்டுவிட்டதா? ஈர மணல் போட்ட பானைக்குள்தான் குப்பியை வைத்திருந்தோம், தை மாதக் குளிரும் துணை. ஆனாலும் டாக்டர் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த புதுக் குப்பியை உடைத்தோம். அதே பொன்னிறம். பார்க்க வந்தவர்கள் ஏதாவது கொடுத்தார்களா? வாசலிலேயே பைகளைச் சோதித்தேன். பாரூர்க்காரர் ஒருவர் என்னைச் சுங்கச்சாவடி என்று சொல்லிவிட்டுப் போனார். சமையலறை? அங்கிருந்த சர்க்கரை டப்பாவையும் அடுத்த நாள் காலைக்குள் வெளியே அனுப்ப ஏற்பாடு செய்தேன். கடைசியாக அம்மா.

"நானா?" என்றாள் அம்மா. வராந்தாவில் உட்கார்ந்து தன் சேலையைக் கட்டுத் துணிக்காக நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்த நல்ல சேலையும் அதில் போயிருந்தது. "எடை போட்டுக் குடுத்த களிக்கு மேல ஒரு கவளம் குடுத்திருப்பனா? நல்லாப் படிச்ச போ."

அதற்குப் பிறகு தாளில் எழுத எதுவும் இல்லை.

ஞாயிறு காலை கட்டு மாற்றும் தட்டோடு வந்தேன். ஆஸ்பத்திரிச் செருப்புக்கு ரப்பர் அடி, சத்தம் வராது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது இது.

"இன்னிக்கும் பொன்னுதான் வரும், பாரும் சாவுகாரே."

"வரட்டும். நெறம் சரி. பதம்? அடில கலங்கல் நிக்குதே. ரெண்டாம் ரகம்தான்."

"கலங்கலா? நேத்து ராவுல பாத்தீரா? பொன்னு மாதிரி நின்னுச்சு. ஒரு உருண்டைல முக்கால்வாசி, ஒன்றரை மணி நேரம் முன்னாடி வாயில போட்டா சரியா அந்த நெறம். பச்ச விழுந்த அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டேன்."

தட்டைக் கீழே வைத்தேன். கிண்ணங்கள் நடுங்கும் சத்தத்தில் இருவரும் வாயை மூடினார்கள்.

குனிந்து கூடையை இழுத்தேன். எண்ணினேன். பதினைந்து.

"நைனா!"

"நாலுதான் தின்னேன்," என்றார் நைனா தலையணைக்குள் முகத்தை வைத்து. "மாரியம்மன் சத்தியமா நாலுதான். ஒடம்பு தேறுதான்னு பாக்கத்தானே காய்ச்சற? நெறம் ஏறினா தேறுதுன்னுதானே அர்த்தம்? நாப்பது வருசமாக் காய்ச்சறேன், எனக்குத் தெரியாதா பச்சைக்கும் பொன்னுக்கும்?"

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் அந்த முகத்தில் திருட்டு முழி இல்லை, தொழில் கௌரவம்தான் இருந்தது. முக்காலியை இழுத்து அவர் கண்ணுக்கு நேரே உட்கார்ந்தேன்.

"ஆலையில ஆட்டி முடிச்சதும் சக்கையை எடுத்துக் கடிச்சுப் பாப்பீங்களே, எதுக்கு?"

"இனிப்பு தங்கிச்சான்னு பாக்க."

"தங்கியிருந்தா?"

"ஆலைய முடுக்கச் சொல்வேன். சாறு வீணாவுதே."

"இதுவும் சக்கைதான் நைனா. நான் காய்ச்சறது வெல்லம் இல்ல. உங்க ஒடம்பு ஆட்டி வெளிய தள்ளின சக்கை. இதுல இனிப்பே இருக்கக்கூடாது. நீலமா இருந்தாத்தான் ஆலை நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

நைனா விளக்கு மேஜையில் இருந்த காலிக் குழாய்களைப் பார்த்தார். பிறகு நடுங்கும் குரலில் கேட்டார்: "அப்ப நாலு நாளா அத்தனை சர்க்கரையும் வீணாவா போயிருக்கு?"

உயிருக்கு ஆபத்து என்று சொன்னபோதுகூட அவர் அப்படிக் கலங்கவில்லை. உடனே தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் அடுத்த கட்டில் பக்கம் உருட்டினார். "சாவுகாரே! உம்முது செங்கல். உம்ம ஆலை முழுக்க ஓட்டை!"

வெங்கட்டப்பா கம்பளியை மூக்கு வரை இழுத்துக்கொண்டார்.

அம்மாவைக் கூப்பிட்டு, வெல்லக் கூடையையும் சமையலறைச் சர்க்கரை டப்பாவையும் ஊரின் மறுகோடியில் இருந்த டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரச் சொன்னேன். வார்டில் இனிப்பு என்று எதுவும் இல்லை என்று பட்டியலில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. இருபத்துநான்கில் பதினைந்து இருக்கிறது. நைனா தின்றது நான்கு. மீதி ஐந்து எங்கே? அந்தக் கணக்கு இடித்தது. ஆனால் திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சக்கைப் பேச்சு நைனாவின் மனசில் நன்றாகவே இறங்கியிருந்தது. தேவைக்கு மேலேயே இறங்கியிருந்தது. மதியம் இன்சுலின் போட்டேன். ராகிக்களியும் கீரையும் தட்டில் வைத்தேன். பத்து நிமிஷம் கழித்துத் தட்டு காலி. ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் வாயை நக்கிக்கொண்டு போனதை நான் கவனித்தேன், நாய்தானே என்று விட்டேன். சாப்பிடாமல் இருந்தால் சீக்கிரம் நீலம் வரும் என்பது நைனாவின் கணக்கு. உடம்பிலோ, அவர் வெல்லம் தின்ற நாட்களுக்காகக் கூட்டி வைத்த இன்சுலின்.

இரண்டு மணிக்கு நாடி பார்க்கப் போனால் கை சில்லென்று இருந்தது. நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. குளிர்கால மதியத்தில் வியர்வை.

"எடை கொறையுது," என்றார் நைனா என்னைப் பார்த்து. என்னை அடையாளம் தெரியவில்லை. நாக்கு குழறியது. "தராசு... தராசப் புடி. ஏமாத்தறான் அந்த ஆளு."

ரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே போனால் இப்படித்தான். வியர்க்கும், நடுங்கும், பேச்சு பிசகும், பிறகு நினைவு போகும். நினைவு போனால் வாயால் எதுவும் கொடுக்க முடியாது. உடனே இனிப்பு உள்ளே போக வேண்டும். குளுக்கோஸ் மருந்து பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி டாக்டரிடம். டாக்டர் ஒரு பிரசவம் பார்க்கக் காவேரிப்பட்டணம் போயிருந்தார். சமையலறைச் சர்க்கரை டப்பா? நான்தான் அடிக்கோடு போட்டுவிட்டேனே.

"சர்க்கரை!" என்று வார்டு நடுவில் நின்று கத்தினேன். "யார்கிட்டயாவது சர்க்கரை இருக்கா? வெல்லம்? கல்கண்டு? ஏதாவது குடுங்க!"

முந்தின நாளிலிருந்து வாசலில் பைகளைப் பிடுங்கியவள் இப்படிக் கத்தினால் யார் நம்புவார்கள்? இது ஏதோ பிடிக்கிறதற்கான தந்திரம் என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒருவர் நல்ல பிள்ளையாக இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"அவருக்கு சர்க்கரை எறங்கிப் போச்சு! சத்தியமாக் கேக்கறேன்!"

அடுத்த கட்டிலில் கம்பளி அசைந்தது. வெங்கட்டப்பா என்னைப் பார்க்காமல், தலையணை உறைக்குள் முழங்கை வரை கையை விட்டார். ஒரு உருண்டை வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கடித்த பாதி.

"தாம்மா," என்றார்.

வெந்நீரில் கரைத்து, அம்மா தலையைத் தாங்கிப் பிடிக்க, கரண்டி கரண்டியாக விட்டேன். முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. அம்மா வாயில் ஏதோ சாமி பேர். நான் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணுவதை நிறுத்தினால் என் கை நின்றுவிடும் போலிருந்தது. பதினான்காவது கரண்டியில் நைனா நாக்கைச் சப்புக்கொட்டினார். கண் தெளிந்தது.

"இது நம்ம வெல்லமாச்சே," என்றார். "கூடை போயிடுச்சே. யாரு குடுத்தா?"

வெங்கட்டப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நைனாவின் கண் மெதுவாக மேஜையைத் தாண்டி, அந்தக் கட்டிலுக்குப் போய், கிழிந்துபோன தலையணை உறையில் நின்றது.

"சாவுகாரே."

"ம்."

"பன்னெண்டு வருசம் ரெண்டாம் ரகம்னு எழுதினீரே. ரெண்டாம் ரகத்த யாராச்சும் தலகாணிக்குள்ள வெச்சுக்கிட்டுப் படுப்பாங்களா?"

வெங்கட்டப்பா கிழிந்த உறையை உள்ளே மடித்துவிட்டார். "யாவாரம் வேற, நாக்கு வேற கவுண்டரே," என்றார்.

பதினைந்து, நான்கு, ஐந்து. என் கணக்கு நேரானது. அவர் குழாய் ஏன் செங்கல் நிறத்தை விட்டு இறங்கவே இல்லை என்பதும் நேரானது.

திங்கள் காலை நைனாவின் குழாய் நீலத்தில் இளம்பச்சை ஓடியது. டாக்டர் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "சாக்கு," என்றார் கன்னடத்தில். "இது போதும்." நான் கையுறை எடுக்கப் போனேன். "நீ பேடாம்மா, வேண்டாம். பெத்த அப்பா. வெளிய நில்லு."

ஆபரேஷன் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் அதுவரை நின்றதில்லை. உள்ளே நாற்பது நிமிஷம் என்பது ஒரு ஒழுங்கான வேலை. வெளியே அதற்கு ஒரு ஒழுங்கும் கிடையாது. எழுத எதுவுமில்லாமல் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். அம்மா என் கையிலிருந்து அதைப் பிடுங்கி வைத்தாள். வெங்கட்டப்பா கட்டுப்போட்ட தொடையைத் தாங்கித் தாங்கி வந்து, எங்கள் பெஞ்சில் ஒரு கோடியில் உட்கார்ந்தார். வெகுநேரம் இருமினார்.

"பொழச்சுக்குவாரு," என்றார் அம்மாவிடம். "இந்த வருசம் வெல்லம் நல்லா வந்திருக்குது."

"அத அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள் அம்மா.

ஒரு கிண்ணம் நிறையச் சீழ் வந்ததாக டாக்டர் சொன்னார். ஈதர் தெளிந்து நைனா முதலில் வாந்தி எடுத்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "என்ன ரகம்?" என்றார்.

"மொதல் ரகம்யா," என்றார் வெங்கட்டப்பா. "படு."

"எழுதிக் குடும்."

பிளவை ஆற ஆறு வாரம் ஆனது. கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் சிவப்புச் சதை மணி மணியாக ஏறி வந்ததைப் பார்ப்பது போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறு கிடைத்ததில்லை. வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கட்டியை அமுக்காதீர்கள், சாம்பல் வைக்காதீர்கள். கால் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். இன்சுலின் போட்டால் சோறு உள்ளே போகிறதா, நாய்க்குப் போகிறதா என்று பாருங்கள். குழாயில் எந்த நிறம் நல்லது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு உருண்டை வெல்லம் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில், ஆனால் நோயாளிக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

வெங்கட்டப்பாவின் கொப்புளங்களும் தலையணையைச் சோதித்த பிறகு வேகமாக ஆறின. நைனா வீட்டுக்குப் புறப்பட்ட நாள் வெங்கட்டப்பாவும் தொடைக்குக் கடைசிக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்திருந்தார். போகும் முன் நைனாவே ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சொட்டுகளை எண்ணி விட்டு, குழாயைக் கொதிக்க வைத்தார். மருந்து ஊற்றியபோது இருந்த அதே நீலம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்கு என்ன ரகம் சாவுகாரே?"

வெங்கட்டப்பா குழாயை வாங்கி, மூட்டைக்கு மூட்டை பார்க்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வெல்லமே இல்ல," என்று திருப்பிக் கொடுத்தார். "நான் வாங்க மாட்டேன்."